மாடி வீட்டு மழலைகளுக்குக் காவல் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனிதன் முதலில் குகையிலே வாழ்ந்தான். பிறகு குடிசை கட்டினான். அதன் பின் ஓட்டு வீடு, மச்சு வீடு என்று வளர்ந்தான். இன்றோ மாடிமேல் மாடி கட்டி, முகிலைத் தொடும் உயரத்திலே குடித்தனம் நடத்துகிறான். இது விஞ்ஞானத்தின் வெற்றி. மனித உழைப்பின் வெற்றி. ஆனால் ஓர் உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். வீடு உயர்ந்த வேகத்திலே குழந்தையின் கால்கள் வளர்ந்துவிடவில்லை. குகையிலே தவழ்ந்த குழந்தையும் தவழ்ந்தது. பத்தாவது மாடியிலே பிறந்த குழந்தையும் தவழ்கிறது. தரையிலே தவழ்ந்தால் முழங்கால் சிராயும். உயரத்திலே தவழ்ந்தால்?

இந்தக் கேள்விக்கு நம் சமுதாயம் வைத்திருக்கும் விடை ஒன்றே ஒன்றுதான்: "தாய் பார்த்துக்கொள்ள வேண்டும்." இந்த விடை போதாது என்பதும், இதை மட்டுமே நம்பியிருப்பது குழந்தைக்கும் தாய்க்கும் இழைக்கும் அநீதி என்பதுமே இக்கட்டுரையின் கருத்து. மாணவத் தோழர்களும் ஆசிரியப் பெருமக்களும் இதைச் சற்றே பொறுமையுடன் படித்துச் சிந்திக்க வேண்டுகிறேன்.

உயரம் வளர்ந்த கதை

உத்திரமேரூரில் உள்ள நமக்கு அடுக்குக் கட்டிடம் புதிதன்று. பல்லவர் காலத்துச் சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் விமானத்திலே மூன்று தளங்கள், தளத்துக்கொரு சன்னதி. பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருகிறார். ஆனால் அந்த மாடிகளிலே குடியிருப்பவர் இறைவன். அவர் தவறி விழமாட்டார்! மனிதர் குடியேறிய பிறகுதான் மாடிக்குக் கைப்பிடி பற்றிய கவலை பிறந்தது.

சென்னை அண்ணா சாலையிலே 1959-ஆம் ஆண்டு எல்.ஐ.சி. கட்டிடம் திறக்கப்பட்டபோது, அதன் மாடிகளை அண்ணாந்து பார்ப்பதற்கென்றே மக்கள் பட்டணம் போனார்கள். இன்று அதனினும் உயர்ந்த குடியிருப்புகள் நகரைச் சுற்றி எழுந்துவிட்டன. பழைய மாமல்லபுரம் சாலை, தாம்பரம், படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று அந்த வரிசை நம்மை நோக்கி நடந்து வருகிறது. நம் மாவட்டத்தின் வல்லம் வடகாலிலே, தொழிற்சாலைகளில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்குவதற்கான அடுக்குமாடி விடுதிகள் 2024 ஆகஸ்டிலே திறக்கப்பட்டன. நேற்றுவரை ஏரிக்கரையிலே ஓடியாடிய தலைமுறையின் பிள்ளைகள், நாளை ஏழாம் மாடியிலும் பத்தாம் மாடியிலும் வளரப் போகிறார்கள். நம்மில் பலர் பட்டம் பெற்று வேலைக்குப் போய் அத்தகைய வீடுகளிலேதான் தொட்டில் கட்டப் போகிறோம். ஆகவே இது எவரோ பணக்காரரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ஆம் ஆண்டு வந்தன. அவற்றின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டதே உயர்கட்டிடம் எனப்படும். சட்டத்துக்கு இந்த அளவு தேவைதான். ஆனால் குழந்தைக்கு எது உயரம்? மூன்று மீட்டரே அதற்கு மலைதான். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, இயற்பியல் சொல்கிறது.

கணக்கு சொல்லும் உண்மை

முதலாண்டிலே நாம் படித்த விழும் பொருளின் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். மாடி ஒன்றுக்கு மூன்று மீட்டர் என்று வைப்போம். மூன்று மீட்டர் உயரமுள்ள மொட்டைமாடியிலிருந்து விழும் பொருள் 0.78 வினாடியில் தரையை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். நான்காம் மாடி, அதாவது 12 மீட்டர் என்றால் 1.56 வினாடி, வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். காஞ்சிபுரம் சாலையிலே நம் பேருந்து நல்ல வேகத்திலே போகும்போது அந்த வேகம்தான். ஏழாம் மாடி, அதாவது 21 மீட்டர் என்றால் 2.07 வினாடி, வேகம் மணிக்கு 73 கிலோமீட்டர்.

இப்போது தாயின் கணக்கைப் பாருங்கள். அவள் அடுக்களையிலே இருக்கிறாள். பால்கனி ஆறு மீட்டர் தொலைவு. குழந்தை கைப்பிடியைத் தாண்டுவதை அவள் கண்டுவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். கண் கண்டதை மூளை உணர்ந்து கால் அசையக் கால் வினாடியாவது ஆகும். வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடினாலும் போய்ச் சேர இரண்டு வினாடி. நான்காம் மாடிக் குழந்தைக்கு இருப்பதோ ஒன்றரை வினாடி! எந்தத் தாய் ஓடிப் பிடிப்பாள்? உலகத்து ஓட்டப் பந்தயத்தில் தங்கப்பதக்கம் பெற்றவளும் கையை நீட்டியபடி நிற்கத்தான் வேண்டும். கண்காணிப்பு என்பது விழுவதற்கு முன்பு வரைதான் பயன்படும். விழத் தொடங்கிய பிறகு அன்புக்கும் வேலையில்லை, அறிவுக்கும் வேலையில்லை. புவியீர்ப்பு ஒன்றுக்கே வேலை.

குழந்தை ஏன் இவ்வளவு எளிதாகத் தவறுகிறது? அதற்கும் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். தலை கனம் மிகுதியாதலால் குழந்தையின் ஈர்ப்பு மையம் உடலின் மேற்பகுதியை நோக்கி நிற்கிறது. எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுவது இதனால்தான்.

இன்னொரு கணக்கு. கட்டிட நெறிகள் பால்கனிக் கைப்பிடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் கேட்கின்றன. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 95 செண்டிமீட்டர். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 52 செண்டிமீட்டர் என்று கொள்ளலாம். தரையில் நிற்கும்வரை ஒரு மீட்டர்ச் சுவர் நல்ல காவல். அதன் ஓரத்திலே ஒரு நாற்காலியைப் போடுங்கள். நாற்காலியின் உட்காரும் பலகை 45 செண்டிமீட்டர் உயரம். அதன்மேல் ஏறி நிற்கும் குழந்தையின் ஈர்ப்பு மையம் 97 செண்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது. சுவர் அதே சுவர்தான்; ஆனால் காவல் போய்விட்டது. நாற்காலி வேண்டாம், தலைகீழாகக் கவிழ்த்த வாளி போதும், பூந்தொட்டி போதும், பழைய செய்தித்தாள் கட்டு போதும். அழகுக்காகப் படுக்கைவாட்டில் குழாய்களைப் பொருத்திய கைப்பிடியோ, குழந்தைக்கு நாமே செய்து கொடுத்த ஏணி. சன்னலில் அடித்த கொசுவலையைக் காவல் என்று நம்புவோரும் உண்டு. அது கொசுவைத் தடுக்கும். பத்துக் கிலோ எடையைத் தாங்காது.

பழி யாருக்கு?

2024 ஏப்ரல் 28. ஆவடியை அடுத்த திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியிலே, தாயின் கையிலிருந்து ஒரு கைக்குழந்தை நழுவி விழுந்தது. நல்லவேளையாகக் கீழ்த்தளத்துக் கூரைத் தகட்டின் விளிம்பிலே சிக்கிக்கொண்டது. குடியிருப்போர் ஓடி வந்தனர். கீழே போர்வையை விரித்துப் பிடித்தனர் சிலர். சன்னல் வழியே வெளியேறி, உயிரைப் பணயம் வைத்துக் குழந்தையை எட்டிப் பிடித்தனர் வேறு சிலர். குழந்தை பிழைத்தது. அந்தக் காட்சியைக் கைப்பேசியிலே கண்ட நாடே கைதட்டியது. மனிதநேயம் மடியவில்லை என்று நாமும் மகிழ்ந்தோம்.

கதை அத்தோடு முடியவில்லை. கைதட்டிய அதே கைகள் தாயைத் தூற்றவும் தொடங்கின. "இவள் ஒரு தாயா? குழந்தையைக் கூடப் பிடிக்கத் தெரியாதா?" என்று முகம் அறியாதவர்களெல்லாம் சமூக ஊடகங்களிலே எழுதினார்கள். அடுத்த மாதம் அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனம் நொந்து, சிகிச்சையும் பெற்று வந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஓர் உயிரின் முடிவுக்கு இதுதான் காரணம் என்று ஒற்றை விரலை நீட்ட நமக்கு உரிமையில்லை. ஆனால் ஆறுதல் தேவைப்பட்ட வேளையில் அவருக்குக் கிடைத்தது வசை என்பதை மறுக்க முடியுமா? நாலு பேர் துணிச்சலால் மீட்ட குழந்தை, நாலாயிரம் பேர் நாக்குக்கு இடையிலே தாயை இழந்தது. என்னே கொடுமை!

அந்த நாட்களில் தாயைப் பற்றிக் கேள்வி கேட்டவர் ஆயிரம். பல மாடிக் குடியிருப்புகளில் கைக்குழந்தை உள்ள வீட்டின் பால்கனிக்குக் கிராதி வேண்டும் என்று விதி உண்டா என்று கேட்டவர் எத்தனை பேர்? தந்தை எங்கே என்றுகூட எவரும் அதிகம் கேட்கவில்லை. குழந்தை விழுந்தால் அது தாயின் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால், கட்டியவர், அனுமதித்தவர், விற்றவர், விதி வகுக்க வேண்டியவர் எல்லோரும் விடுதலை. பழி சொல்வது செலவில்லாத வேலை. கிராதி அடிக்கத்தான் பணம் வேண்டும். அதனால்தான் பழி மலிவாகக் கிடைக்கிறது.

தாய் இமைக்கிறாள், தும்முகிறாள், அரை நொடி அயர்கிறாள். அவளும் மனுஷிதானே! பால் பொங்குகிறது, கதவு தட்டப்படுகிறது, இரவெல்லாம் கண்விழித்த களைப்பு வேறு. பழங்காலத்துக் கூட்டுக் குடும்பத்திலே பாட்டி ஒரு கண், அத்தை ஒரு கண், திண்ணையிலிருக்கும் தாத்தா ஒரு கண் என்று குழந்தைக்குப் பத்துக் கண்கள் காவல் இருந்தன. தெருவே பிள்ளையை வளர்த்தது. அடுக்குமாடியிலே கதவைச் சாத்தினால் இரண்டே கண்கள். பத்துக் கண்கள் செய்த வேலையை இரண்டு கண்கள் செய்யவில்லையே என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

நியூயார்க் நகரம் காட்டிய வழி

"விபத்து விதியின் செயல், யார் தடுக்க முடியும்?" என்று கேட்போருக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூயார்க் நகரிலே மாடிச் சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து மடிவது அடிக்கடி நடந்தது. 1972-ஆம் ஆண்டு அந்நகரத்துச் சுகாதாரத் துறை, ஏழைகள் மிகுந்த பிராங்க்ஸ் பகுதியிலே ஓர் இயக்கம் தொடங்கியது. "குழந்தைகளுக்குப் பறக்கத் தெரியாது" என்பது அதன் பெயர். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார்கள். பேச்சோடு நிற்கவில்லை, சன்னல்களுக்கு இலவசமாகத் தடுப்புக் கம்பிகளும் கொடுத்தார்கள். 1973-க்கும் 1975-க்கும் இடையிலே அப்பகுதியில் குழந்தைகள் விழும் விபத்துகள் பாதியாகக் குறைந்தன.

அடுத்த ஆண்டே, 1976-இல், நகரம் சட்டம் இயற்றியது. பத்து வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் சன்னல் தடுப்பு அமைப்பது கட்டிட உரிமையாளரின் கடமை என்று அச்சட்டம் கூறியது. கடமை யாருடையது என்பதைக் கவனியுங்கள். தாயின் கடமை என்று சொல்லவில்லை. வாடகை வாங்குபவரின் கடமை என்று சொல்லிற்று. அதன் பின் சன்னலிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வரை குறைந்ததாக மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. நியூயார்க் தாய்மார்கள் ஒரே ஆண்டில் அதிக அன்புள்ளவர்களாக மாறிவிட்டார்களா? இல்லை. கம்பி வந்தது, குழந்தை பிழைத்தது.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008-இலே குழந்தை விபத்துகள் பற்றி ஓர் உலக அறிக்கை வெளியிட்டன. நாள்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் விபத்துகளால் மடிகின்றனர் என்று அது சொன்னது. கீழே விழுந்து மடிவோர் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 47,000 பேர். இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியதே என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டு, அதற்கு விதி என்று பெயர் சூட்டுவது அறிவுடைமை ஆகாது.

ஏழையின் எட்டடுக்கு

உயர்ந்த கட்டிடம் என்றதும் பளிங்குத் தரையும் நீச்சல் குளமும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் நம் நாட்டில் விரும்பி மாடி ஏறியவரும் உண்டு, ஏற்றப்பட்டவரும் உண்டு. கூவம், அடையாறு கரைகளிலே குடிசை போட்டிருந்த மக்களைக் குடியமர்த்துவதற்காகப் பெரும்பாக்கத்திலே எட்டடுக்குக் கட்டிடங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அதுவும் நம் காஞ்சிபுரம் மாவட்டந்தான். கட்டியது, 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம். 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது.

குடிசையிலே வெள்ளமும் தீயும் பயம். அந்தப் பயத்திலிருந்து மீட்டது நன்றே. ஆனால் தரையிலே வாழ்ந்த குழந்தையை ஏழாம் மாடிக்கு ஏற்றியபோது, தரையில் இல்லாத ஓர் ஆபத்தையும் கூடவே கொடுத்தோம். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் தாய் விடியற்காலையிலே பட்டணத்துக்குப் பேருந்து ஏறிவிடுகிறாள். பிள்ளைகளைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள். லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது என்பது அங்குள்ளோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை. பணக்காரர் தம் பால்கனிக்குத் தாமே கிராதி போட்டுக்கொள்ளலாம். கண்ணுக்கே தெரியாத மெல்லிய எஃகுக் கம்பிகளைக்கூட இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். நாள் கூலிக்காரர் எங்கே போவார்? ஆகவே, அரசு கட்டித்தரும் வீட்டிலே சாவியோடு சேர்த்துக் கிராதியும் கொடுக்கப்பட வேண்டும். வீடுதோறும் விட்டுவிட்டுப் போடுவதைக் காட்டிலும், கட்டும்போதே எல்லாவற்றுக்கும் போடுவது சிக்கனமும் ஆகும்.

கட்டுவோர் பிள்ளைகள்

மாடியிலே வாழும் குழந்தையைப் பற்றிப் பேசினோம். மாடியைக் கட்டும் இடத்திலே வளரும் குழந்தையைப் பற்றி யார் பேசுவது? நம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து கொத்தனாராகவும் சித்தாளாகவும் சென்னைப் பக்கம் போவோர் எத்தனை பேர் என்பது, காலைப் பேருந்திலே ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கல்லூரியிலே படிக்கும் நம்மில் பலர் அந்தக் கைகள் சம்பாதித்த காசிலேதான் படிக்கிறோம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக நான் வரப்போவதும் அப்படித்தான். செங்கல் சுமக்கும் தாயின் குழந்தைக்கு மணல் குவியலே தொட்டில், சாரமே மரம், மூடாத லிஃப்ட் குழியே விளையாட்டு மைதானம்.

மௌலிவாக்கத்தை மறக்க முடியுமா? அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஊரிலே, 2014 ஜூன் 28 அன்று கட்டி முடியும் தறுவாயிலிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாநிலத்துச் சிற்றூர்களிலிருந்தும் பிழைக்க வந்த கட்டிடத் தொழிலாளரே அவர்களில் பெரும்பாலோர். அருகிலிருந்த அதன் இணைக் கட்டிடம் 2016 நவம்பரிலே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உயரமாகக் கட்டத் தெரிந்த நமக்கு ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்று உலகம் பார்த்தது.

கட்டிடத் தொழிலாளர்களுக்காக 1996-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்திலே, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனியறை ஏற்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்று அதன் 35-ஆம் பிரிவு சொன்னது. நல்ல சட்டந்தான். ஆனால் நாற்பது பெண்கள் வேலை செய்யும் இடத்துக் குழந்தைக்குக் காவல் வேண்டாமா? விழும் செங்கல் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டா விழுகிறது? 1969-ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காகத் தில்லியிலே வேலை நடந்த இடத்தில், புழுதியிலே கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்டு மனம் பொறாமல் மீரா மகாதேவன் என்னும் அம்மையார் ஒரு கூடாரத்திலே குழந்தைக் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். ஒரு கூடாரத்தில் முடிந்தது, கோடிக்கணக்கில் கட்டும் நிறுவனங்களுக்கு முடியாதா?

தீயும் படியும்

கிராதி என்றதும் ஒரு தடை எழும், நியாயமான தடையே. "தீப்பிடித்தால் எப்படித் தப்புவது?" என்பார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியிலே 94 பிஞ்சுகள் கருகியதை எந்தத் தமிழன் மறப்பான்? மாடியிலே கூரை வேய்ந்த வகுப்பறை. இறங்கக் குறுகிய படிக்கட்டு. 2019 மே 24 அன்று சூரத் நகரிலே ஒரு வணிக வளாகத்தின் மேல் மாடியில் நடந்த தனிப்பயிற்சி வகுப்பிலே தீப்பிடித்தது. 22 மாணவர் மாண்டனர். இறங்க வழியின்றி மேலிருந்து குதித்தவர் பலர்.

இவை நமக்குச் சொல்வது என்ன? சன்னலைத் திறந்து போடச் சொல்லவில்லை. படிக்கட்டை அகலமாகக் கட்டச் சொல்கின்றன. குதித்துத் தப்புவது தப்புவதாகாது. நியூயார்க் சட்டமும் தீயிலிருந்து தப்பும் வழிக்குரிய சன்னல்களுக்கு விலக்கு அளித்தது. பெரியவர் உள்ளிருந்து திறக்கவும், சிறுவர் திறக்க முடியாமலும் உள்ள தாழ்ப்பாள் வைத்த கிராதியை நம்மூர்ப் பட்டறைக்காரரே செய்து தருவார். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது, கூரைகள் போயின. 94 உயிர்களைக் கொடுத்துத்தான் அந்த ஆணையை வாங்கினோம். அடுத்த ஆணையையாவது உயிர்விலை கொடுக்காமல் வாங்குவோமே!

நம் ஊர் மொட்டைமாடி

"உத்திரமேரூரிலே ஏது ஐயா பத்து மாடி?" என்று சிலர் சிரிக்கக்கூடும். நண்பர்களே, நம் ஊரின் ஆபத்து ஒரே மாடியிலே இருக்கிறது. கூரை வீடுகள் மறைந்து கான்கிரீட் வீடுகள் எழுகின்றன. பிரதமர் வீட்டு வசதித் திட்டம், 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் ஆகியவற்றால் ஏழைக்கும் மச்சு வீடு கிடைக்கிறது. மகிழ்ச்சி! ஆனால் கனவு இல்லத்துக்கு அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் சுவர் எழுப்பித் தளம் போடுவதற்குள் கையிருப்புக் கரைந்துவிடும். கைப்பிடிச் சுவரும் படிக்கட்டுக் கம்பியும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்னும் கணக்கிலே போய்விடுகின்றன. பிறகு என்பது பல வீடுகளில் வருவதே இல்லை.

நம் தெருக்களில் நடந்து பாருங்கள். கைப்பிடியில்லாத மொட்டைமாடி, வெளிப்புறமாக ஏறும், பக்கக் கம்பியில்லாத படிக்கட்டு, அடுத்த மாடி எழுப்புவதற்காக விட்டுவைத்து, துருப்பிடித்து நிற்கும் கம்பிகள், கை எட்டும் தொலைவிலே போகும் மின்கம்பி. அங்கேதான் நெல்லும் மிளகாயும் காய்கின்றன, வடாம் காய்கிறது, கோடை இரவிலே குடும்பமே பாய் விரித்துப் படுக்கிறது, பகலிலே குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள். பட்டம் விடும் சிறுவன் வானத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பான். விளிம்பு எங்கே முடிகிறது என்று அவன் முதுகுக்குத் தெரியாது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையிலே 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து இணையத்தின் வழியே உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் அதிகாரி வந்து பார்க்காத இடத்திலே மேஸ்திரியின் மனச்சாட்சியும் வீட்டுக்காரரின் மனச்சாட்சியுமே அதிகாரிகள்.

செய்ய வேண்டுவன

குறை சொல்லி முடிப்பது எளிது. செய்யத்தக்க சிலவற்றையும் கூறுகிறேன்.

முதலாவது, வீட்டிலே இன்றே செய்யக்கூடியது. பால்கனி ஓரத்திலிருந்து நாற்காலி, தொட்டி, வாளி யாவற்றையும் அகற்றலாம். கட்டிலைச் சன்னலை விட்டுத் தள்ளிப் போடலாம். கைப்பிடிக் கம்பிகளைச் செங்குத்தாக, பத்துச் செண்டிமீட்டர் இடைவெளிக்கு மிகாமல் அமைக்கச் சொல்லலாம். மொட்டைமாடிக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்திலே தாழ்ப்பாள் வைக்கலாம்.

இரண்டாவது, அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டியது. குழந்தைகள் வாழும் மாடி வீடுகளில் கிராதி அமைப்பதைக் கட்டியவரின், உரிமையாளரின் கடமையாகச் சட்டமாக்க வேண்டும். முகப்பின் அழகு கெடுமென்று கிராதியைத் தடுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கக்கூடாது. வீட்டு வசதித் திட்ட மதிப்பீட்டிலே கைப்பிடிச் சுவரையும் படிக்கட்டுக் கம்பியையும் சேர்த்து, அவை முடிந்த பிறகே கடைசித் தவணையைத் தர வேண்டும். அதற்கான தொகையையும் சேர்த்தே தர வேண்டும்.

மூன்றாவது, குழந்தைக்கு விளையாடத் தரையிலே இடம் வேண்டும். நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலே பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கின்றனர். அங்கே பல கட்டிடங்களில் தரைத்தளத்தையே திறந்த வெளியாக விட்டிருக்கிறார்கள். இறங்கி விளையாட இடமிருந்தால் பிள்ளை விளிம்பிலே நின்று வேடிக்கை பார்க்காது.

நான்காவது, நம் கல்லூரி செய்யக்கூடியது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமிலே நாம் கோயிலைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். இவ்வாண்டு ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். எத்தனை மொட்டைமாடிகளுக்குக் கைப்பிடி இல்லை, எத்தனை படிக்கட்டுகளுக்குக் கம்பி இல்லை, எத்தனை கிணறும் தொட்டியும் மூடாமல் கிடக்கின்றன என்று வீடு வீடாக எழுதுவோம். அந்தப் பட்டியலைக் கிராம சபையிலே வைப்போம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறதே, அது எதற்கு?

இதை உத்திரமேரூர் மாணவர்கள் செய்யாமல் வேறு யார் செய்வது? முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஊராட்சி எப்படி நடக்க வேண்டும் என்று வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்து, ஏரிக்கொரு வாரியம், தோட்டத்துக்கொரு வாரியம் அமைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்று எழுதினார்கள். ஏரி உடைந்தால் எவன் தலையெழுத்து என்று அவர்கள் கேட்கவில்லை. எந்த வாரியத்தின் பொறுப்பு என்று கேட்டார்கள். குழந்தை விழுந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

தாயின் அன்பு பெரிது. அந்த அன்பை ஒரு மீட்டர்ச் சுவருக்கும் நாலு கம்பிக்கும் பதிலாக நிறுத்தாதீர்கள். கண் இமைக்கும், கம்பி இமைக்காது. மாடி எழுப்பும் முன்பு கைப்பிடி எழுப்புவோம். பழி கூறும் முன்பு பொறுப்பேற்போம். மாடி வீட்டு மழலைகளுக்கு நாம் அனைவருமே காவல்!